ஆறு ஆச்சிகளும் ஒரு ரேக்கும்: எந்த மிக்ஸர் வாங்கலாம்?

கேள்வி: செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. நானும் தம்பியும் அங்கே ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போகிறோம். பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன குடும்பங்களின் கதையை ஊர் ஆச்சிகள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய ஆசை. பெரும்பாலும் நாலு பேர், சில நாள் ஆறு பேர் உட்காருவோம். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போனில் சேர்ந்துகொள்வார். பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த இரும்பு ரேக் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. பல மைக்குகளின் ஒலியைச் சேர்த்துக் கலக்குகிற மிக்ஸரை, அந்த ரேக்கில் மாட்டுகிற மாதிரியாகவே வாங்கலாமா? எட்டு சேனல் போதுமா, பதினாறு வேண்டுமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் சேனல் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை மைக் உள்ளே போகும் என்பதைக் கடைக்காரர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது, உள்ளே போன ஆறு குரலும் ஆறாகவே கணினிக்கு வந்து சேருமா என்பதை. பல மிக்ஸர்களில் பதினாறு மைக் மாட்டினாலும் யூஎஸ்பி வழியே வருவது இடது, வலது என்று இரண்டே தடம் (டிராக்). எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்துதான் வரும். கலந்ததைப் பிரிப்பது, தயிர் சாதத்திலிருந்து தயிரை எடுக்கிற வேலை.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஓர் ஆச்சியையும் அவருடைய தம்பியையும் பதிவு செய்தேன். என்னிடம் இருந்தது இரண்டு தட மிக்ஸர்தான், இருவர் குரலையும் கலந்தே பதிந்துவிட்டேன். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பிய கதையை ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எட்டு வயது. வழியில் காய்ச்சலில் விழுந்த கைக்குழந்தையைப் பற்றிச் சொல்ல வந்தவர், குரலைத் தாழ்த்தினார். சரியாக அந்த வார்த்தையில் பக்கத்தில் இருந்த தம்பி, காப்பி டம்ளரை மேஜையில் வைத்தார். டங் என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து கேட்டால் டம்ளரும் ஆச்சியின் குரலும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டம்ளரைக் குறைத்தால் ஆச்சியும் குறைகிறார். தனித்தனித் தடமாக இருந்திருந்தால் அந்த ஒரு நொடிக்குத் தம்பியின் மைக்கை மட்டும் அணைத்துவிட்டு மேலே போயிருப்பேன். இன்னொரு முறை போய்க் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் ஆச்சி காலமாகிவிட்டார்.

அதனால் வாங்கும் பெட்டி எதுவானாலும், பல தடப் பதிவு செய்வது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். எட்டா பதினாறா என்ற உங்கள் கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. பெரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ்ஆர் மிக்ஸர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஆர் 16-இல் எட்டு மைக் மாட்டலாம், உங்கள் ஆறு பேருக்குப் போதும்போலத் தோன்றும், விலையும் குறைவு. ஆனால் அதிலுள்ள யூஎஸ்பி, பென்டிரைவில் இரண்டு தடம் பதிவதற்கு மட்டும்தான். அதே வரிசையில் எக்ஸ்ஆர் 18 வாங்கினால் பதினாறு மைக் முனைகள், அதோடு பதினெட்டுத் தடமும் தனித்தனியாக மடிக்கணினிக்குப் போகும். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு பெட்டிகள், உங்கள் வேலைக்கு ஒன்று ஆகும், மற்றது ஆகாது. ஆறு பேருக்குப் பதினாறு முனை அதிகம்தான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முனைகளுக்கு அல்ல, அந்த யூஎஸ்பிக்கு.

மடிக்கணினியே வேண்டாம், பெட்டியிலேயே பதிய வேண்டும் என்றால் சவுண்ட்கிராஃப்ட் யூஐ 24ஆர் பாருங்கள். ஒரு யூஎஸ்பி டிரைவைச் செருகி இருபத்திரண்டு தடம் வரை நேராகப் பதியலாம், கணினிக்கும் அனுப்பலாம். ஆச்சி பேசிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினி அப்டேட் கேட்டு நின்றுபோவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இடக்கணக்கும் சொல்லிவிடுகிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் ஒரு தடம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி. ஆறு மைக்கும் சித்தப்பாவும் சேர்ந்து ஏழு தடம் என்றால் மணிக்கு 3.6 ஜிபி.

கடையில் ஒரு யூ (ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) உயரத்தில் ஒல்லியாக, முன்பக்கம் வரிசையாகத் திருகுகளோடு மலிவாக ஒன்றைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது லைன் மிக்ஸர். சிடி பிளேயர், கீபோர்டு மாதிரி வலுவான சிக்னலை வாங்கிக்கொள்ளச் செய்தது. மைக்கிலிருந்து வருவது அதைவிடப் பல நூறு மடங்கு மெலிந்த சிக்னல். அதைத் தூக்கிவிட மைக் ப்ரீஆம்ப் வேண்டும், அது இதில் இருக்காது, இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான். ரேக்கில் அழகாக உட்காருகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து, சித்தப்பா. போனில் சேருகிறவருக்கு நீங்கள் பேசுவதெல்லாம் கேட்க வேண்டும், அவர் குரல் மட்டும் திரும்பப் போகக்கூடாது. போனால், தான் பேசியது அரை நொடி கழித்துத் தன் காதிலேயே விழும். யாராலும் அப்படிக் கோவையாகப் பேச முடியாது, திக்கிவிடுவார். இந்த ஏற்பாட்டுக்குத் தொழிலில் மிக்ஸ் மைனஸ் என்று பெயர். இதைச் செய்ய மிக்ஸரில் ஆக்ஸ் என்கிற தனி வெளிவழி ஒன்று வேண்டும். அந்த ஆக்ஸில் எல்லா மைக்கையும் திறந்துவிட்டு, போன் சேனலை மட்டும் பூஜ்யத்தில் வைத்து, அதைப் போனுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

ஹெட்போனுக்கும் ஆக்ஸ்தான். இந்த மிக்ஸர்களில் ஹெட்போன் துளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எக்ஸ்ஆர் 18-இல் ஒன்றுதான், ஆனால் ஆறு ஆக்ஸ் வெளிவழிகள் உண்டு. ஒன்றைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் கொடுங்கள். அதுவும் ஒரு யூ உயரத்தில் ரேக்கிலேயே மாட்டுவது போலக் கிடைக்கிறது. ஆச்சிகளுக்கு ஹெட்போன் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொண்டையும் வைரத்தோடும் இருக்கும் தலையில் கனமான ஹெட்போன் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது, தோடு அழுந்தி வலிக்கும். அதைக் கழற்றச் சொல்வதும் முறையில்லை. ஆச்சிகளுக்கு ஹெட்போன் வேண்டாம், நீங்களும் தம்பியும் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். சித்தப்பா பேசுகிற நாளில் ஆச்சி கையில் ஒன்றைக் கொடுத்து ஒரு காதில் மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம், போனில் பேசுகிற பழக்கம்தானே.

ஆறு மைக் திறந்திருந்தால் இன்னொரு தொல்லை வரும். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்காகும்போதெல்லாம் அறையின் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். ஒரு மைக்குக்குப் பதில் நாலு திறந்திருந்தால் 6, ஆறு திறந்திருந்தால் கிட்டத்தட்ட 8 டெசிபல். அமெரிக்க ஒலிப் பொறியாளர் டான் டூகன் 1970-களில் இதற்கு ஒரு வழி கண்டார். எல்லா மைக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக்கின் அளவு கெயின்தான், அதாவது ஒலியைத் தூக்கிவிடும் அளவுதான், இருக்கும். பேசுகிறவர் பக்கம் அது தானாகப் போய்ச் சேரும், மற்றவை தாழும். எக்ஸ்ஆர் 18-இல் இந்த மாதிரி ஆட்டோமிக்ஸ் உண்டு. தடங்களை அப்படியே பதிந்துகொண்டு, ஹெட்போனுக்கும் சித்தப்பாவுக்கும் போகிற ஒலியில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

சரி, இனி அறை. மிக்ஸரைவிட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் பக்கத்து வீடுகள் கண்ணுக்கு எவ்வளவு அழகோ, மைக்குக்கு அவ்வளவு கொடுமை. காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தலைக்கு மேலே உயரமான கூரை. இவை எதுவும் ஒலியைக் குடிக்காது, அப்படியே திருப்பி அடிக்கும். வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்து பேசினால் படம் பிரமாதமாக இருக்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். புறா சத்தம் வேறு. இந்த எதிரொலியை எந்த விலை மிக்ஸராலும் எடுக்க முடியாது.

வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். தட்டிய பிறகு ரீங்காரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, தரையில் கனமான ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாக விரித்து, மறுபடி தட்டுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கோரைப்பாய் மெல்லியது, அதனால் பெரிய பயன் இல்லை. பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கிய அறை வேண்டவே வேண்டாம். உரத்துச் சிரித்தால் ஏதோ ஒரு குடம் கூடவே முனகும். நான் அரை மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டுத் தேடிய முனகல் கடைசியில் ஓர் அண்டாவிலிருந்து வந்தது.

இந்த அறைக்கு டைனமிக் மைக்கே போதும். ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒன்றை ஆளுக்கு ஒன்றாக, வாயிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். மிக்ஸரிலிருந்து மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரம், பாண்டம் பவர் என்பார்கள், இதற்குத் தேவையில்லை. கண்டென்சர் என்கிற நுட்பமான மைக், சுவர், கூரை, பக்கத்துத் தெரு எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும். யாராவது ஷூரின் எஸ்எம்7பி மைக் நல்லது என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதற்கு 60 டெசிபல் கெயின் வேண்டும், மிக்ஸர் அவ்வளவு தருமா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

மின்சாரம் தனிக் கதை. பழைய வீடுகளில் இரண்டு முனைப் பிளக்தான், எர்த் கம்பியே இருக்காது. இருந்தாலும் சித்திரை வெயிலில் நம் செம்மண் காய்ந்து எர்த் சரியாக நிற்காது. அப்போது 50 ஹெர்ட்ஸ் ஹம் என்று அடித்தொண்டையில் ஓர் உறுமல் எல்லாத் தடத்திலும் ஏறிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரி பாருங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். மிக்ஸர், ஹெட்போன் ஆம்ப், மடிக்கணினி மூன்றையும் ஒரே பிளக் பலகையிலிருந்து எடுங்கள். உறுமல் போக எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், மைக்கின் உலோகத்தைத் தொடப்போவது எண்பது வயதுக் கை. இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அது ப்யூர் சைன் வேவ் தானா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவ் என்றால் மைக்கில் இரையும். டிஜிட்டல் மிக்ஸர் ஒரு நொடி மின்வெட்டுக்கே அணைந்து, மறுபடி எழுந்திருக்க நேரம் எடுக்கும். சின்ன யூபிஎஸ் ஒன்று அவசியம்.

இந்த வகை ரேக் மிக்ஸரின் முகத்தில் ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் நகர்த்தி) இருக்காது, டேப்லெட்டில் வைஃபை மூலம்தான் ஓட்ட வேண்டும். நம் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை அடுத்த கட்டுக்குப் போவதே சிரமம். பெட்டியிலேயே உள்ள வைஃபையை நம்பாமல் ஒரு சின்ன ரவுட்டரை லேன் கேபிளில் இணைத்து, பதிவு அறையிலேயே வையுங்கள். உள்ளே விசிறி ஓடுகிற மிக்ஸர் என்றால் ரேக்கை அறைக்கு வெளியே நிறுத்திவிடலாம். மைக் கேபிள் பத்து மீட்டர் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் யூஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் கூடாது, அதனால் மடிக்கணினியும் ரேக்கோடு வெளியே போக வேண்டியிருக்கும்.

எப்போதாவதுதான் ஆறு பேர், மற்ற நாளெல்லாம் நாலு பேர்தான் என்றால் ரேக்கை மறந்துவிட்டு ஜூம் பாட்ட்ராக் பி4 வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நாலு மைக், நாலு ஹெட்போன், போனுக்கு மிக்ஸ் மைனஸ் தானாகவே, தனித்தனித் தடமாக எஸ்டி கார்டில் பதிவு, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். நடக்க முடியாத ஆச்சியின் வீட்டுக்கே எடுத்துக்கொண்டும் போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆச்சிகள் கூடிப் பேசுவதுதான் உங்கள் நிகழ்ச்சியின் உயிர். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பதும் இல்லை என்று மறுப்பதும்தானே கதை. அதற்கு ஆறு தடம் வேண்டும். அதனால் என் ஓட்டு எக்ஸ்ஆர் 18 வகைக்கு.

வாங்குவதற்கு முன் அந்த ரேக்கை அளந்து பாருங்கள். முன்பலகைக்கு ஒரு பக்கத்து நுனியிலிருந்து மறுபக்கத்து நுனி வரை 19 அங்குலம் இடம் வேண்டும், ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம். உள்ளூரில் வெல்டிங் செய்த ரேக் என்றால் திருகுத் துளைகள் கணக்குப்படி இருக்காது, தச்சரிடம் சொல்லி ஒரு பலகைத் தட்டு போட்டு அதன்மேல் வைத்துவிடுங்கள், அதுவும் சரிதான். ஆழத்தையும், எத்தனை யூ காலியாக இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பினால், ஹெட்போன் ஆம்பையும் யூபிஎஸ்ஸையும் எந்தத் தட்டில் வைப்பது என்று சொல்கிறேன்.