ஜீனில் வேலை செய்யும் சர்க்கரை மாத்திரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. மெட்ஃபார்மினோடு பயோகிளிட்டசோன் 15 மில்லிகிராம் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. சர்க்கரை இறங்கவில்லை, எடை கூடி, காலும் லேசாக வீங்குகிறது. ‘இது ஜீனில் வேலை செய்யும் மாத்திரை’ என்கிறார் மருந்துக்கடைக்காரர். நிறுத்திவிடலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் வீக்கத்தை இரண்டொரு நாளில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மாத்திரை ஜீனை மாற்றுவதில்லை. மூன்றாம் குரோமோசோமில் பிபிஏஆர் காமா என்றொரு ஜீன் உண்டு. அதன் புரதம் கொழுப்புச் செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு, ஆர்எக்ஸ்ஆர் என்ற கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து, கொழுப்பைச் சேமிக்கும் ஜீன்களை முடுக்கிவிடுகிறது. பயோகிளிட்டசோன் இந்தப் புரதத்தில் ஒட்டி அதை உசுப்புகிறது. ரத்தத்தில் அலையும் கொழுப்பு அமிலம் தோலடிக் கொழுப்பில் போய் அடங்க, ஈரலிலும் தசையிலும் படிவது குறைகிறது. அங்கே இன்சுலின் மறுபடி எடுபடுகிறது. புதுக் கொழுப்புச் செல்கள் முளைத்தாக வேண்டும் என்பதால் முழுப் பலன் தெரிய 2, 3 மாதம் பிடிக்கும். மூன்று வாரத்துச் சர்க்கரையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; 3 மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

எடை கூடுவதில் பாதிக் கதை கொழுப்பு, மீதி நீர். இதே புரதம் சிறுநீரகத்திலும் இருப்பதால் உப்பும் நீரும் தங்குகின்றன. இன்சுலினும் போடுபவர்களுக்கு வீக்கம் அதிகம். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் 5 விநாடி அழுத்துங்கள். குழி விழுந்தால் அது நீர். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். சில நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் இந்தியாவில் இதை நிறுத்திவைத்து, ஜூலையிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். எனவே சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயமும் கொஞ்சம் கூடும்.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை. இந்த ஜீனைப் பரிசோதிக்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பணம் வீண். பிபிஏஆர் காமா புரதத்தின் 12ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின் என்ற இன்னொன்று இருந்தால் சர்க்கரை வரும் வாய்ப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு சிகிச்சையில் எதையும் மாற்றப்போவதில்லை. நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80ஐத் தாண்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் பாருங்கள். ஒரே விதிவிலக்கு: கைகால், பிட்டத்தில் கொழுப்பே இல்லாமல் நரம்பு புடைத்து, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் மிக அதிகமாக இருந்தால், இந்த ஜீனில் அரிதான கோளாறு இருக்கலாம். அப்போது ஜீன் பரிசோதனை உதவும்.

கேள்வி: ராகிக் களி எவ்வளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறாதா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ஏறும். 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. நைசாக அரைத்துக் கிண்டியது சீக்கிரம் செரிக்கும். உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 மணி நேரம் கழித்துச் சோதித்தால் உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.