அடுக்குமாடிக் குடியிருப்பில் குர்பானி: சங்கம் எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது?

கேள்வி: சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 64 வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். போன பக்ரீத்துக்கு ஒரு வீட்டார் இரண்டு ஆடுகளை மூன்று நாள் பார்க்கிங்கில் கட்டிவைத்து, பெருநாள் காலையில் அங்கேயே அறுத்தார்கள். சைவக் குடும்பங்கள் கொதித்துப் போயின. வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. இந்த ஆண்டு குர்பானிக்கே தடைத் தீர்மானம் போடு என்கிறது ஒரு தரப்பு. அது எங்கள் மத உரிமை, கை வைக்க முடியாது என்கிறது இன்னொரு தரப்பு. சட்டம் யார் பக்கம்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: குர்பானி கொடுக்கக் கூடாது என்று எந்தக் குடும்பத்திடமும் சொல்ல உங்கள் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பார்க்கிங்கில் அறுத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி தரவும் அதிகாரம் இல்லை. கொடுப்பது ஒன்று, கொடுக்கும் இடம் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதில்தான் உங்கள் வாட்ஸ்அப் குழு சிக்கிக்கொண்டிருக்கிறது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஐ இரு தரப்புமே மேற்கோள் காட்டும். அதன் 28-ஆவது பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோருகிற முறையில் விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. உரிமை பேசுகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது முறையைப் பற்றி. இடத்தைப் பற்றி அல்ல. இடத்தைப் பற்றிப் பேசுவது அதே சட்டத்தின் கீழ் 2001-இல் வந்த இறைச்சிக்கூட விதிகள். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில் தவிர வேறெங்கும் உணவுக்காக விலங்கை அறுக்கக் கூடாது; சினையாக உள்ளது, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி வைத்திருப்பது, மூன்று மாதம் நிரம்பாதது, கால்நடை மருத்துவர் சான்று தராதது ஆகியவற்றை அங்கேயும் அறுக்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தருகிற மதச் சுதந்திரமும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டது என்றே தொடங்குகிறது.

மும்பையில் 2023 பக்ரீத்துக்கு முந்தைய நாள் இதே தகராறு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நத்தானி ஹைட்ஸ் என்ற அடுக்குமாடி. மாலையில் சிறப்பாக அமர்வு கூட்டி விசாரித்த நீதிபதிகள், மாநகராட்சி உரிமம் தராத இடத்தில் அறுக்க விடக் கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் உதவ வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். செய்தி ஊரெல்லாம் 'குர்பானிக்குத் தடை' என்று பரவியது. தடை விழுந்தது உரிமம் இல்லாத இடத்தில் அறுப்பதற்குத்தான்.

உங்கள் குழுவில் இன்னொரு வாதமும் வந்திருக்கும்: தமிழ்நாட்டில் பலியிடுவதே சட்டவிரோதம் என்று. தவறு. கோயில்களில் பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அரை நூற்றாண்டாக யாரும் சீண்டாமல் கிடந்த அதை 2003-இல் ஜெயலலிதா அரசு தூசு தட்டி அமல்படுத்தியது. அய்யனாருக்கும் முனியாண்டிக்கும் கிடா வெட்டுகிற கிராமங்கள் கொந்தளித்தன; 2004-இல் அதே அரசு சட்டத்தையே ரத்து செய்தது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அப்படிப்பட்ட தடைச் சட்டங்கள் உண்டு; அந்த மாநிலத்துச் செய்தியை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. மாடு தனி விஷயம்: 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது அல்லது மீள முடியாமல் முடங்கிப்போனது என்ற சான்று வேண்டும். பசுவையும் கிடாரியையும் இறைச்சிக்கூடங்களில் அறுக்க 1976 அரசாணையிலேயே தடை வந்துவிட்டது. உங்கள் வளாகத்தில் பேச்சு ஆட்டைப் பற்றியது மட்டும் என்பதால் இதை இங்கே விட்டுவிடலாம்.

இனி மார்க்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். இங்கேதான் உங்களுக்கு வழி திறக்கிறது. ஆனால் சங்கக் கூட்டங்களில் இதை யாரும் கேட்பதே இல்லை. வெள்ளாடு ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) ஒரு வயதும், ஷாஃபியில் இரண்டு வயதும் நிறைந்திருக்க வேண்டும். செம்மறிக்கு ஹனஃபியில் ஆறு மாதத்திலும் சலுகை உண்டு, ஒரு வயது ஆடு போலத் திடமாக இருந்தால். குருடு, நொண்டி, நோய், எலும்பும் தோலுமான மெலிவு கூடாது. பெருநாள் தொழுகைக்கு முன் அறுத்தால் குர்பானியாகச் சேராது. வீட்டு வாசலில் அறுக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. தானே அறுப்பது சிறப்பு, ஆனால் இன்னொருவரை வகீலாக, அதாவது தன் சார்பாளராக, வைத்து வேறு இடத்தில், வேறு ஊரில்கூட அறுக்கச் சொல்லலாம். நாளும் ஒன்றல்ல. ஹனஃபி மத்ஹபில் துல்ஹஜ் மாதப் பிறை 12 (பெருநாளின் மூன்றாம் நாள்) சூரியன் மறையும் வரை, ஷாஃபியில் 13 மறையும் வரை நேரம் உண்டு. முதல் நாள் காலை பத்து மணிக்கே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பழக்கத்தில் வந்தது. இதைச் செயலாளரான நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள்; மார்க்கம் கற்பிக்க வந்துவிட்டார் என்றாகிவிடும். பக்கத்துப் பள்ளிவாசல் இமாமையோ ஜமாஅத் நிர்வாகியையோ சொல்ல வையுங்கள். அவர்களில் பலருக்கு இந்தத் தலைவலி ஏற்கெனவே தெரியும்.

ஆக, குர்பானி கொடுக்க விரும்பும் குடும்பங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஆட்டுத்தொட்டி எனப்படும் மாநகராட்சி இறைச்சிக்கூடம். சென்னையில் பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை, அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம் ஆகிய இடங்களில் இருக்கிறது. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆள் போய் நேரம், கட்டணம், தனியார் ஆட்டை எந்த வரிசையில் எடுப்பார்கள் என்று கேட்டுவிட வேண்டும். முதல் நாள் கூட்டம் மூச்சு முட்டும். இரண்டாம் நாள் காலை போனால் நிதானமாக வேலை நடக்கும், மருத்துவரும் ஆட்டைப் பொறுமையாகப் பார்ப்பார். இரண்டு, ஜமாஅத்தோ மதரஸாவோ நடத்தும் கூட்டுக் குர்பானி. பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் கறி வீட்டுக்கு வந்துவிடும். அவர்கள் அறுக்கும் இடத்துக்கு உள்ளாட்சி அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று, சொந்த ஊர்.

தன் கண்ணெதிரே அறுபட வேண்டும் என்று விரும்பும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் வழிதான் பொருந்தும். கூட நின்று தக்பீர் (இறைவனைப் பெருமைப்படுத்தும் சொல்) சொல்லலாம்.

பார்க்கிங்கில் ஏன் கூடாது என்பதற்கு மதத்தைத் தொடாத காரணம் ஒன்று உண்டு, அதை முன்வைப்பதே புத்திசாலித்தனம். உயிரோடு 25 கிலோ நிற்கும் ஒரு கிடாயில் எலும்போடு கறி 11, 12 கிலோ தேறும். ஒரு லிட்டர் அளவுக்கு ரத்தம், இரைப்பைச் சக்கை மூன்று நான்கு கிலோ, தோல் இரண்டு கிலோ. ரத்தத்தைக் குழாய் வைத்துப் பார்க்கிங் வடிகாலுக்குத் தள்ளினால் அது மழைநீர் வடிகால் வழியே வெளியே தெருவில் சிவப்பாகப் போய் நிற்கும், அல்லது உங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் (எஸ்.டி.பி.) இறங்கும். ரத்தம் வீட்டுக் கழிவுநீரைவிடப் பல நூறு மடங்கு கனமான சுமை. காற்றோட்டத் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போய், நுரை பொங்கி, நாற்றம் நாள்கணக்கில் நிற்கும். கொழுப்பு குழாய் வளைவுகளில் உறைந்து ஒட்டும். அரைபட்ட புல்லும் இலையும் அதில் சிக்கி அடைப்பாகும். போன வருஷம் பெருநாள் முடிந்து அடுத்த வாரம் கீழ்த்தளத்தில் நாற்றம் வந்ததா என்று எஸ்.டி.பி. பார்க்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். சைவர் மூக்குக்கும் அசைவர் மூக்குக்கும் அந்த நாற்றத்தில் வித்தியாசம் கிடையாது.

அனுமதி பெற்ற பள்ளிவாசல் வளாகம் போன்ற இடத்தில் ஏற்பாடு செய்கிறார்கள் என்றால் அவர்களுக்குச் சில குறிப்புகள். முந்தின இரவோடு தீவனத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தால் சக்கை குறையும், குடல் கிழிந்து கறி கெடுவதும் குறையும். ஒரு ஆட்டின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது, கத்தியை அதன் முன் தீட்டக் கூடாது என்பது மார்க்கமே சொல்வது. நடுவில் ஒரு தார்பாய்த் திரை கட்டினால் போதும், தெருவில் போகிறவர் பார்வையையும் அதுவே மறைக்கும். அறுத்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் அசைவு முழுக்க அடங்கும் வரை காத்திருக்க வேண்டும்; அதற்குள் தோலில் கத்தி வைக்கிற கூலியாட்களால்தான் பாதிப் புகார் வருகிறது. ரத்தத்தைத் தொட்டியில் பிடித்து மணலோ மரத்தூளோ கலந்து குழியில் போட வேண்டும். பத்து ஆட்டுக்கு மூன்றடிச் சதுரத்தில் நான்கடி ஆழக் குழி போதும். மேலே சுண்ணாம்பு தூவி இரண்டடிக்குக் குறையாமல் மண் மூடாவிட்டால் அன்றிரவே தெருநாய் தோண்டி, காலையில் யாராவது வீட்டு வாசலில் குடலைப் போட்டுவைக்கும். பல ஊர்களில் கலவரப் பேச்சு தொடங்குவது இப்படித்தான். நாய் செய்தது என்றால் அந்த நேரத்தில் நம்ப ஆள் இருக்காது. கிணறு, போர்வெல் பக்கம் குழி வேண்டாம்.

தரையைக் கழுவும்போது சுடுநீர் ஊற்றாதீர்கள். சூடு பட்டால் ரத்தம் வெந்து சிமெண்டில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், தேய்த்தெடுத்த பிறகு சோப்பு, கடைசியில் பிளீச்சிங் பவுடர். தோலை ஒரு மணி நேரம்கூட வெயிலில் போடாமல் உட்புறம் முக்கால் கிலோ கல்லுப்பு தேய்த்து மடித்து வைத்தால்தான் வாங்க வருகிறவர் எடுப்பார். தோலை அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்பதால் மதரஸாவுக்குப் போகும். மாலை வரை வண்டி வரவில்லை என்றால் குவியல் நாறும். வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சங்கத் தீர்மானத்துக்கு வருவோம். 'பக்ரீத்' என்ற சொல்லோ 'குர்பானி' என்ற சொல்லோ அதில் வரவே கூடாது. வந்தால் ஒரு மதத்தைக் குறிவைத்த தீர்மானம் என்று அடுத்த நாளே நோட்டீஸ் வரும், வருவதும் நியாயம். இப்படி எழுதலாம்: 'எந்தக் காரணத்துக்காகவும் வளாகத்தின் பொது இடங்களிலும் வீடுகளிலும் ஆடு, கோழி உள்ளிட்ட எந்த விலங்கையும் பறவையையும் அறுக்கக் கூடாது, அறுப்பதற்காகக் கொண்டுவந்து கட்டிவைக்கவும் கூடாது.' ஆடி மாதம் மொட்டை மாடியில் குலசாமிக்குச் சேவல் அறுக்கிற வீடு உங்கள் வளாகத்திலேயே இருக்கக்கூடும். அவருக்கும் இதே விதிதான் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தீர்மானத்தின் தொனி அந்த ஒரு வரியில் மாறிவிடும். ஆட்டைக் கட்டிவைக்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். ராத்திரி முழுக்கக் கத்தல், புழுக்கை, எல்லாவற்றுக்கும் மேல் குழந்தைகள். மூன்று நாள் அகத்திக்கீரை ஊட்டிப் பெயர் வைத்த ஆட்டை நான்காம் நாள் காணோம் என்றால் அந்தக் குழந்தையின் அழுகை பெற்றோரிடம் கோபமாகத்தான் வெளிவரும்.

அதே கூட்டத்தில் சங்கம் எதைத் தடுக்காது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்: வெளியே அறுத்த கறியைக் கொண்டுவருவது, சமைப்பது, பங்கு வைப்பது யாருடைய அனுமதிக்கும் உட்பட்டதல்ல. மூடிபோட்ட வாளியிலோ கசியாத பையிலோ கொண்டுவர வேண்டும், லிஃப்டில் சொட்டக் கூடாது, அவ்வளவுதான். லிஃப்டில் ஏறவே கூடாது என்று யாராவது கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கறிக்கடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிற பைக்கு இல்லாத விதி பெருநாள் கறிக்கு மட்டும் எப்படி வரும்? அக்கம்பக்கத்துக்குப் பங்கு கொடுக்கிற வழக்கம் நல்லது, கேட்டுவிட்டுக் கொடுத்தால் போதும்.

கூட்டத்தைப் பெருநாளுக்கு ஆறு வாரம் முன்பே வையுங்கள். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னகரும், நாள்காட்டியைப் பாருங்கள். அதற்கு முன் அந்தக் குடும்பங்களின் வீட்டுக்கு நேரில் போங்கள். போன வருஷம் அறுத்தவர் வீட்டுக்கு முதலில். 'பாய், இந்த வருஷம் எங்கே ஏற்பாடு?' என்று கேட்டுத் தொடங்கினால் பாதி வீடுகளில் அவர்களே ஜமாஅத்தில் சொல்லிவிட்டோம் என்பார்கள். வாட்ஸ்அப்பில் இதைப் பற்றிப் பேசுவதைப் பெருநாள் முடியும் வரை நிறுத்தி, அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். எங்கோ எடுத்த வீடியோவை நம் வளாகம் என்று போடுகிறவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், மதப் பகை மூட்டுவதையும் மத உணர்வைப் புண்படுத்துவதையும் தண்டிக்கும் 196, 299 பிரிவுகள் இருப்பதை நினைவூட்டலாம்.

நேரத்தே பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பரங்குன்றத்தைவிடத் தொலைவாகப் போக வேண்டாம். மலைமேல் தர்காவில் ஆடு அறுத்துக் கந்தூரி (தர்கா விருந்து) கொடுக்கும் வழக்கம் எதுவரை, எந்த அளவுக்கு என்பது தெளிவாக எழுதி வைக்கப்படாமலே இருந்தது. 2025 தொடக்கத்தில் ஆட்டுடன் மலையேற வந்தவர்களைப் போலீஸ் தடுத்தது. பிப்ரவரியில் தடையுத்தரவு, போராட்டம். ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புத் தந்தார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கத்தை நிறுவும் வரை பலி கூடாது என்றார். உள்ளூர் ஆட்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் வெளியூர்க்காரர்கள் கைக்குப் போய்விட்டது.

எல்லாம் செய்தும் பெருநாள் காலையில் ஒருவர் விதியை மீறி அறுத்துவிட்டால்: பாதி வேலையில் போய்த் தடுக்காதீர்கள், அது விலங்குக்கும் கொடுமை, கைகலப்புக்கும் வழி. வாட்ச்மேனை விட்டு வடிகால் வாயை மணல்மூட்டையால் அடைக்கச் சொல்லுங்கள். யாரும் படமெடுக்க வேண்டாம் என்று கீழே நின்று நீங்களே சொல்லுங்கள். கூட்டம் சேர்ந்தால் 112-இல் போலீஸை அழையுங்கள். துப்புரவுச் செலவை ரசீதோடு அந்த வீட்டுக் கணக்கில் எழுதி, மண்டல சுகாதார அதிகாரிக்கு மறுநாள் எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள்.