ஒரு லைசென்ஸ், ரெண்டு கம்ப்யூட்டர்

கேள்வி: லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் போட்டுதான் வந்துச்சு, ஆபீஸ் 2021 தனியா வாங்கினேன். ரெண்டையும் பையனோட கம்ப்யூட்டர்லயும் போட்டுக்கலாமா சார்?

பதில்: காசு குடுத்தாச்சு, எத்தனைல வேணா போடலாம்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா நீங்க வாங்கினது சாஃப்ட்வேர் இல்லீங்க, பயன்படுத்துற அனுமதி மட்டும்தான். லேப்டாப்போட வந்த விண்டோஸ் ஓஇஎம் லைசென்ஸ், அதாவது கம்ப்யூட்டர் கம்பெனியே போட்டுக் குடுக்கிறது, அந்த மெஷினோட வந்து அதோடவே போயிடும். தனியா வாங்குற ரீடெயில்னா வேற மெஷினுக்கு மாத்தலாம், ஆனா பழையதுல இருந்து எடுத்துடணும். ஆபீஸ் 2021ம் ஒரு கம்ப்யூட்டருக்குதான். ஆபீஸையே சந்தா கட்டி பயன்படுத்துற மைக்ரோசாஃப்ட் 365 பேமிலின்னா 6 பேர் வரைக்கும், ஆளுக்கு ஒரே நேரத்துல 5 மெஷின். ஸ்கூல் வேலைக்குத்தான்னா பேசாம ஆபீஸ் மாதிரியே இலவசமா கிடைக்கிற லிப்ரேஆபீஸ் போட்டு விடுங்க, நூறு கம்ப்யூட்டர்ல போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க.