கதைப்பாட்டி பதில்கள்

கேள்வி: போன இதழில் வந்த கடல் நீர்நாய்க் கதையில், தாய் தன் குட்டியைப் பாசியில் சுற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறதே. என் மகள் அழுதே விட்டாள். குழந்தைகளுக்கு இப்படியா எழுதுவது?

பதில்: அது என் கற்பனை இல்லை தாயே, கடல் நீர்நாய்கள் செய்வதுதான். தாய் நக்கி நக்கி, ஊதி ஊதி, குட்டியின் ரோமத்துக்குள் காற்றை ஏற்றிவிடும். அதன்பின் குட்டி முங்க நினைத்தாலும் முங்காது. தக்கை மாதிரி மிதக்கும். பயமெல்லாம் அலை இழுத்துப் போய்விடுமோ என்றுதான். அதனால் கெல்ப் என்ற நீளப் பாசியைக் குட்டியைச் சுற்றி வளைத்துவிட்டு, நண்டோ சிப்பியோ பிடிக்கத் தாய் கீழே போகும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்துவிடும். மகளிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்கள் நீர்நாய் நாள் முழுக்க உருண்டு புரண்டு விளையாடுகிறதே, அதற்கு வேலைவெட்டியே கிடையாதா?

பதில்: உருளுவதே வேலைதான் ஐயா! திமிங்கலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கடியில் கொழுப்பு உண்டு. இதற்கு அது கிடையாது. குளிருக்கு ரோமம் ஒன்றுதான் கதி. அடர்ந்த இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முடி. அதில் அழுக்குச் சேர்ந்தால் தண்ணீர் தோலைத் தொட்டுவிடும், விறைத்துப்போகும். மல்லாந்து படுத்து, மார்பையே தட்டாக வைத்துச் சாப்பிடும் பிராணி. நடுநடுவே ஒரு உருளல், ஓட்டுத்தூள் எல்லாம் கழுவிப்போய்விடும். உடல் எடையில் கால் பங்கு தினம் தின்றாக வேண்டும் என்றால் எத்தனை உருளல், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக விளையாட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். குட்டிகள் கட்டிப் புரண்டு மல்லுக்கட்டும். ஆனால் 2023இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் 841 என்ற எண் கொண்ட பெண் நீர்நாய், ஆட்களின் சர்ஃப் பலகைகளில் ஏறி உட்கார்ந்து கடித்ததே, அதைக் குறும்பு என்று கொஞ்ச எனக்கு மனம் வரவில்லை. மனித பயம் விட்டுப்போன காட்டுவிலங்கு அது, கடித்தால் தெரியும். அதிகாரிகள் பிடிக்க அலைந்தும் சிக்கவில்லை. அக்டோபரில் குட்டியோடு வந்து காட்சி கொடுத்தது!

கேள்வி: சிப்பியை உடைக்கிற கல்லை எங்கே வைத்துக்கொள்ளும்? (நான்காம் வகுப்பு வாசகன்)

பதில்: அக்குளில், கண்ணா. அங்கே தோல் தொளதொளவென்று பை மாதிரி இருக்கும். கல்லும் அதற்குள், பிடித்த இரையும் அதற்குள்.

கேள்வி: நீர்நாயும் பென்குயினும் நண்பர்கள் என்று ஒரு கதை எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: இரண்டையும் யார் அறிமுகம் செய்து வைத்தது? கடல் நீர்நாய் வட பசிபிக்காரன்: கலிபோர்னியா, அலாஸ்கா, ரஷ்யாவின் கம்சாட்கா. பென்குயின் அந்தப் பக்கமே கிடையாது. பென்குயினை எடுத்துவிட்டுக் கடற்சிங்கத்தைப் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ரோமத்துக்காக இவற்றை வேட்டையாடியதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

பதில்: எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நான்கும் 1911இல் வேட்டையைத் தடுக்க ஒப்பந்தம் போட்டபோது உலகத்திலேயே சுமார் இரண்டாயிரம்தான் மிச்சம். கலிபோர்னியாவில் அற்றே போய்விட்டது என்று பலர் நினைத்திருக்க, 1938இல் பிக் சர் கரையோரம் ஒரு கூட்டமே மிதந்துகொண்டிருந்தது. என் அடுத்த கதை அதுதான். வேண்டாம் என்பவர்கள் சீக்கிரம் எழுதுங்கள், பாதி முடித்துவிட்டேன்.