எத்தனை செய்தீர்கள், எத்தனை வேலை செய்தன? சாதன ஆராய்ச்சி நிதி: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்எஸ்எஃப் பற்றியவை. எலெக்ட்ரானிக், ஃபோட்டானிக், காந்தச் சாதனங்களுக்கான ஈபிஎம்டி திட்டத்துக்கு எழுதுகிறவர்களே அதிகம். வழக்கமாகச் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்புகிற வாரத்தில் நடப்பு வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். நண்பர் மூன்று வருடம் முன்பு அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதாதீர்கள்.

கேள்வி: நான் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். என்எஸ்எஃப்பின் கேரியர் விருதுக்கு விண்ணப்பிக்கலாமா? அமெரிக்கக் குடியுரிமை இல்லை.

முடியாது. டென்யூர், அதாவது நிரந்தரப் பணிக்கான பாதையில் இருந்து, இன்னும் டென்யூர் பெறாத உதவிப் பேராசிரியர்களுக்குத்தான் அது. குடியுரிமை தடையில்லை. அறிவிப்பைப் படித்திருந்தால் இரண்டுக்கும் அங்கேயே விடை கிடைத்திருக்கும். ஒருவர் மூன்று முறைதான் போட்டியிடலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வேலையில் சேர்ந்த கையோடு அரைகுறையாக ஒன்றை அனுப்பி ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: கேலியம் ஆக்சைடு என்ற குறைகடத்தியில் படலம் வளர்க்கிறோம். "நல்ல வேலை, ஆனால் சாதன ஆராய்ச்சி இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு டிரான்சிஸ்டரும் காட்டியிருந்தோமே?

கடைசியில் காட்டியதுதான் சிக்கல். பன்னிரண்டு பக்கம் படல வளர்ப்பு, எக்ஸ்-ரே, அதன் பிறகு ஒரு பத்தியில் டிரான்சிஸ்டர் என்றால் அது பொருளறிவியல் விண்ணப்பம். அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். இங்கேதான் வர வேண்டுமென்றால் கேள்வியை மாற்றுங்கள். கேலியம் ஆக்சைடின் பட்டை இடைவெளி, அதாவது மின்னோட்டத்துக்கு எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், 5 எலெக்ட்ரான் வோல்ட்டை நெருங்குகிறது, பெரிய மின்புலத்தைத் தாங்கும். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் சிலிக்கனுக்குப் பக்கத்தில்கூட வராது. பயன்படுகிற பி-வகையும் (நேர்மின் துளைகள் மின்னோட்டத்தைச் சுமக்கும் வகை) இன்னும் கைகூடவில்லை. அப்படியானால் இத்தனை வாட் போகும்போது சேனல் (டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் போகும் பாதை) எவ்வளவு சூடாகும், அந்தச் சூட்டில் த்ரெஷோல்ட் வோல்டேஜ் (டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தம்) எங்கே நகரும், வெப்பத்தை எந்தப் பக்கமாக வெளியே எடுப்பது? இவைதான் சாதனக் கேள்விகள். இன்னும் நல்ல படிகம் எப்படி வளர்ப்பது என்பது இந்தக் கதவுக்கு உரியது அல்ல.

கேள்வி: திட்ட விவரணைக்குத் தரும் 15 பக்கம் போதவில்லை. மீதி வரைபடங்களை இணையதளத்தில் போட்டு இணைப்பு கொடுக்கலாமா?

கூடாது. திட்ட விவரணையில் இணைப்பு தரக் கூடாது என்று வழிகாட்டியே சொல்கிறது. வரைபடங்களைக் குறையுங்கள்.

கேள்வி: மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் ஸ்பின்ட்ரானிக் (எலெக்ட்ரானின் சுழற்சியைப் பயன்படுத்தும்) நினைவகம் என்று எழுதியிருந்தோம். "தெளிவில்லை" என்றார்கள். இதில் என்ன தெளிவில்லை?

எண் இல்லை. "மிகக் குறைந்த" என்பது எதைவிட? ஒரு பிட்டை அழிக்க அறை வெப்பநிலையில் குறைந்தபட்சம் சுமார் 3 செப்டோஜூல் (ஒரு ஃபெம்டோஜூலில் பத்து லட்சம் செப்டோஜூல்) வேண்டும் என்பது லாண்டவர் எல்லை. பிட் பத்து ஆண்டு அழியாமல் நிற்க, அது தானாகப் புரளாமல் காக்கும் ஆற்றல் தடுப்பு, வெப்ப ஆற்றலைப் போல ஏறக்குறைய 60 மடங்கு வேண்டும் என்று இந்தத் துறையில் கணக்கு வைப்பார்கள். இன்றைய காந்த டனல் ஜங்ஷனில், அதாவது ஒரு பிட்டை வைக்கும் காந்த நினைவகச் செல்லில், ஒருமுறை எழுத ஆகும் ஆற்றல் இவற்றையெல்லாம் விடப் பல மடங்கு மேலே, நூறு ஃபெம்டோஜூல் பக்கம் இருக்கிறது. இந்த ஏணியில் உங்கள் சாதனம் எந்தப் படியில் நிற்கிறது, எந்த இயக்கத்தால் கீழே இறங்கும் என்று எழுதுங்கள். சுற்றிலும் இருக்கிற சர்க்யூட் தின்னும் ஆற்றலையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பும் சொன்னதுதான்: பெயரடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணை வையுங்கள்.

கேள்வி: எங்கள் மாலிப்டினம் டைசல்ஃபைடு (மிக மெல்லிய அடுக்குகளாகப் பிரியும் குறைகடத்தி) டிரான்சிஸ்டரின் மொபிலிட்டி, அதாவது எலெக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு, இதுவரை வெளியானவற்றைவிட அதிகம். ஆரம்ப முடிவாக அதைக் காட்டியும் மதிப்பாய்வாளர்கள் நம்பவில்லை. ஏன்?

ஒரே ஒரு வளைவைக் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலும் "சிறந்த சாதனம்" என்றுதான் இருக்கிறது. எத்தனை செய்தீர்கள், எத்தனை வேலை செய்தன என்று ஒரு வார்த்தை இல்லை. இது என்னை வருடக்கணக்காக வருத்துகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் மாணவனாக இருந்தபோது ப்ரோப் ஸ்டேஷன், அதாவது சாதனத்தை ஊசியால் தொட்டு அளக்கும் கருவி, அதன் பக்கத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டு இருக்கும். சிப்பில் 48 சாதனம் என்றால் நோட்டில் 48 கட்டம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே ஊசியைத் தங்கப் பேடின் மேல் இறக்குவோம். முனை லேசாக வழுக்கிப் பேடில் ஒரு கீறல் விழுந்தால் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கேட் (சேனலைத் திறந்து மூடும் முனை) கசிந்தால் கட்டத்தில் பெருக்கல் குறி, சேனல் திறக்கவே இல்லையென்றால் வட்டம், வேலை செய்தால் எண். ஒரு சிப்பில் ஏழே ஏழு கட்டங்களில்தான் எண் இருந்தது. அந்த ஏழில் ஒன்று மற்றவற்றைப் போல மூன்று மடங்கு மின்னோட்டம் தந்தது. அதை மட்டும் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். என் வழிகாட்டி வரைபடத்தைப் பார்க்கவில்லை, நோட்டைக் கேட்டார். பெருக்கல் குறிகள் எல்லாம் சிப்பின் ஒரே ஓரத்தில் இருப்பதை அவர்தான் காட்டினார். வடிவம் பதிக்கப் பூசும் ரெசிஸ்ட் அந்த ஓரத்தில் தடித்திருந்தது. எங்கள் அடுத்த ஆறு மாத வேலை அந்த 41 கட்டங்களிலிருந்துதான் வந்தது.

மதிப்பாய்வாளர் கேட்பதும் அந்த நோட்டைத்தான். இந்தப் பொருளில் அவர்களின் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. மாலிப்டினம் டைசல்ஃபைடில் சொல்லப்பட்ட பெரிய மொபிலிட்டி எண்கள் சில, மேல் கேட்டும் கீழ் கேட்டும் மின்தேக்க முறையில் இணைந்திருப்பதைக் கணக்கில் எடுக்காததால் ஊதிப் போனவை என்று 2013-லேயே சுட்டிக்காட்டப்பட்டது. கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸை (உலோகம் சேனலைத் தொடும் இடத்து மின்தடையை) பிரித்து அளக்காமல் மொபிலிட்டி சொன்னாலும் இதே கதிதான். 2002-இல் பெல் லேப்ஸில் பொய்த் தரவு வெளியிட்ட இயற்பியலாளர் ஷோன் மாட்டிக்கொண்டதும் எப்படி? வெவ்வேறு சாதனங்கள் என்று போட்ட வரைபடங்களில் ஒரே இரைச்சல் அச்சு அசலாக இருந்ததை மற்றவர்கள் கவனித்தார்கள். உங்களை அந்த வரிசையில் வைக்கவில்லை. ஒற்றை வளைவை நம்ப இந்தத் துறை ஏன் தயங்குகிறது என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த முறை எல்லாச் சாதனங்களின் எண்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் ஹிஸ்டோகிராம் போடுங்கள். கேட் மின்தேக்கத்தை எப்படி அளந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பதில் பத்துதான் வேலை செய்தன என்றால் அதையே எழுதி, மீதி முப்பது ஏன் செத்தன என்று கண்டுபிடிப்பதை முதல் நோக்கமாக வையுங்கள். நான் உட்கார்ந்த மதிப்பாய்வுப் பேனல்களில் அப்படி எழுதியவர்களுக்கு மதிப்பெண் கூடியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: திட்டத்தை நடத்தும் என்எஸ்எஃப் ப்ரோகிராம் ஆபீசருக்கு எழுதினால் தொந்தரவாக நினைப்பாரா?

மாட்டார், அது அவர் வேலை. ஒரு பக்கத்துக்குள் கேள்வி, அணுகுமுறை, இதில் புதிது என்ன என்று எழுதி, இது இந்தத் திட்டத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். "நிதி கிடைக்குமா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: பட்ஜெட்டில் எலெக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி (எலெக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரையும்) கருவியைச் சேர்க்கலாமா?

அந்தக் கருவி மில்லியன் டாலர் கணக்கில் போகும், உங்கள் மொத்தத் திட்டத்தையே விழுங்கிவிடும். கருவி வாங்கத் தனித் திட்டங்கள் உண்டு. பகிர்ந்து பயன்படுத்தும் க்ளீன்ரூமில் மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்டுங்கள். எத்தனை ரன் (தயாரிப்புச் சுற்று), ஒரு ரன்னுக்கு எத்தனை மணி என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பெரும்பாலானோர் இதில் பாதியைத்தான் எழுதுகிறார்கள், இரண்டாம் வருடத்தில் கை கடிக்கிறது.

கேள்வி: "பயன்பாடு என்ன?" என்று ஒரு மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார். அடிப்படை ஆராய்ச்சிக்கு இது நியாயமா?

பாதி நியாயம். என்எஸ்எஃப் கேட்பது அறிவுத் தகுதி, பரந்த தாக்கம் என்ற இரண்டு. விற்கிற பொருளைக் காட்டு என்று எங்கும் கேட்கவில்லை. 1988-இல் ஃபெர்ட், க்ரூன்பெர்க் குழுக்கள் மெல்லிய இரும்பு, குரோமியம் அடுக்குகளில் ராட்சத காந்தத்தடையை, அதாவது காந்தப்புலத்தில் மின்தடை பெரிதாக மாறுவதைக் கண்டார்கள். 1997-இல் அது ஹார்டு டிஸ்க் ரீட் ஹெட்டாக விற்பனைக்கு வந்தது, 2007-இல் நோபல் பரிசு. ஆனால் இந்தக் கதையை உங்கள் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அது அவர்களுடைய சாதனை. உங்கள் விளைவு சரியாக இருந்தால் யாருடைய எந்த அளவீடு மாறும் என்று மூன்று வரியில் எழுதுங்கள், போதும்.

கேள்வி: நிராகரிக்கப்பட்டதை அப்படியே மறுபடி அனுப்பலாமா?

கூடாது. கணிசமாகத் திருத்தாமல் அனுப்பினால் மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பி வரும். மதிப்பாய்வு வந்த அன்றைக்குக் கோபத்தில் ஒன்றும் எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து எடுத்து, மதிப்பாய்வாளர்கள் எல்லோரும் சொன்ன ஒரே குறை எது என்று பாருங்கள். திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.