கொமட் ஆடுகிறது: நிலத்தை உடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கொமட்டில் உட்கார்ந்தால் ஆடுகிறது, அடியில் தண்ணீர் கசிகிறது. கீழ்வீட்டுச் சீலிங்கிலும் கறையாம். வந்து பார்த்த பிளம்பர் பாஸ், "ஃபிளேஞ்ச் உடைஞ்சிட்டுது. நிலத்தை உடைச்சுப் புதுக் கொமட் வைக்கோணும், இல்லாட்டி சுத்திவர வெள்ளைச் சீமெந்து பூசலாம்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஃபிளேஞ்ச் என்பது கொமட்டுக்கு அடியில், அதைக் கழிவுப் பைப்போடு பிணைக்கும் வளையம். கொமட்டைத் தூக்காமலே அது உடைந்தது பாஸுக்கு எப்படித் தெரிந்ததாம்? அடியை நன்றாகத் துடைத்துவிட்டு, சுற்றிவரப் பழைய வீரகேசரித் தாளைப் பரப்புங்கள். ஃபிளஷ் பண்ணியதும் தாள் நனைந்தால் கோளாறு பெரும்பாலும் அடியில்தான். ஃபிளஷ் பண்ணாமலே நனைந்தால் ஃபிளஷ் தொட்டியான சிஸ்டர்னையும் அதற்குத் தண்ணீர் வரும் குழாயையும் பாருங்கள்.

வெள்ளைச் சீமெந்து எனக்குப் பிடிக்காத வைத்தியம். ஆட்டம் நிற்கும், கசிவு நிற்காது. வெளியே வந்துகொண்டிருந்த தண்ணீர் உள்ளே அடைபட்டுக் கீழ்வீட்டுக்கு இறங்கும். பிறகு கழற்றப் போனால் கொமட்டே வெடித்துவிடலாம்.

தூக்க இரண்டு பேர் வேண்டும். வால்வைப் பூட்டி, ஃபிளஷ் பண்ணி, மிச்சத் தண்ணீரை ஒற்றி எடுத்து, குழாயையும் இரண்டு நட்டையும் கழற்றி நேராக மேலே தூக்குங்கள். உடனே பைப் வாயைத் துணியால் அடையுங்கள்; நாற்றமும் வராது, ஸ்க்ரூவும் உள்ளே விழாது. (திரும்ப வைக்குமுன் துணியை எடுக்க மறந்தவர்களில் நானும் ஒருவன்.)

கொமட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் பழைய மெழுகு வளையத்தைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். போல்ட்டைப் பிடிக்கும் காது மட்டும் உடைந்திருந்தால் நிலத்தை உடைக்கத் தேவையில்லை. இதற்கென்றே துருப்பிடிக்காத ஸ்டீல் வளையம் இருக்கிறது. அதை ஃபிளேஞ்சுக்கு மேல் வைத்து நிலத்தோடு ஸ்க்ரூ பண்ணினால், போல்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். துளைக்குள் கொஞ்சம் சிலிக்கன் விட்ட பிறகே ஸ்க்ரூவை இறக்குங்கள். டைலுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இருக்கக்கூடும், துளை அதை ஓட்டையாக்கிவிடும். பைப்பே வெடித்திருந்தால் பாஸ் சொன்னது பாதி சரி: அந்த இடத்தை உடைக்கத்தான் வேண்டும். கொமட் பழையதே போதும்.

சாமான் வாங்கப் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் அளந்து, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள நாலங்குல பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 110 மில்லிமீற்றர், அமெரிக்க நாலங்குலம் 114.3. அதனால்தான் ஒன்லைனில் வாங்கும் ஃபிளேஞ்ச் சிலருக்குப் பொருந்துவதில்லை. ஒரு சின்னக் காந்தமும் கொண்டுபோங்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்று தரும் போல்ட்டில் அது பச்சக்கென்று ஒட்டினால், முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம். உங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கு அது தாங்காது. பித்தளை நல்லது. மெழுகு வளையம் ஒருமுறைக்குத்தான், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். டைலுக்கு மேல் டைல் பதித்து ஃபிளேஞ்ச் பள்ளத்தில் கிடந்தால் தடித்த ரப்பர் வளையம் கேளுங்கள். பில்லும் கேளுங்கள், 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் தரவேண்டும்.

நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஆட்டம் நின்றதும் விட்டுவிடுங்கள். சுற்றிவரச் சிலிக்கன் பூசும்போது பின்பக்கம் இரண்டு விரல் அகலம் பூசாமல் விடுங்கள். மறுபடி கசிந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு முன் உங்களுக்குத் தெரியவேண்டும். அவருடைய சீலிங் நன்றாகக் காயும்வரை பெயின்ற் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.