அரைமணி நேரக் கட்டங்கள்

அன்புள்ள சார்,

நான் குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாமியார் ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். காலத்தைக் கவனிப்பதே ஆன்மிகப் பயிற்சி என்று ஒரு சொற்பொழிவில் கேட்டு, ஒரு நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்து நோட்டில் எழுதி வருகிறேன். சமையல், துணி, பஸ், பள்ளி, மாமியாருக்குக் கஞ்சி, போன் எல்லாம் நிரம்பிவிடுகின்றன. ‘தியானம், ஜெபம்’ என்ற பத்தி மட்டும் காலி. ‘நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாள்’ என்ற குறள் ஞாபகம் வந்து தூக்கம் போகிறது. என்ன செய்ய?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரையும் பள்ளியையும் எடுத்துவிட்டேன்.

முதலில் அந்தக் குறள். நிலையாமை அதிகாரம், 334. நாள் என்று காட்டிக்கொண்டு உயிரை அறுக்கிற வாள் என்று வள்ளுவர் பயமுறுத்தத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் எப்படி? அடுத்த குறளையும் படியுங்கள்: ‘நாச்செற்று விக்குள்மேல் வாராமுன் நல்வினை மேற்சென்று செய்யப் படும்.’ நாக்கு அடங்கி விக்கல் எழுவதற்குள் நல்லதை முந்திக்கொண்டு செய்துவிடு என்கிறார். நாள் ஒரு வாள் என்றவர் அடுத்து உங்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லவில்லை. முந்தின வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து அடுத்த ஸ்பூனை வைக்கிறீர்களே, அந்த அரைமணி நேரத்தை வீட்டு வேலைகளோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது காலியாகக் கிடக்கும் பத்தி இல்லை, இதுதான்.

நம் ஊரில் இது புது விஷயமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர், துவையல் தவசு என்ற துணி துவைக்கும் தவத்துக்கு அனுப்பிய 700 குடும்பங்கள் காட்டுக்கோ குகைக்கோ போகவில்லை. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வாகைப்பதிக் கடற்கரையில் தங்கி, நாளுக்கு மூன்று முறை குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒருவேளை சாப்பிட்டார்கள். கடல் தண்ணீரில் நனைந்த துணி காய்ந்தால் அட்டைபோல விறைக்கும், உடுத்தினால் மேலெல்லாம் அரிக்கும். அதைத்தான் நாள்தோறும் செய்தார்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்ததே 1859இல்தான். அய்யா அதற்கு முன்பே, 1851இல், காலமாகிவிட்டார். துணிக்கே தடை இருந்த காலத்தில் துணியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது தவம் ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதைச் சொன்னதும் ‘அப்போ வீட்டு வேலையே தவம், இன்னும் செய்’ என்று யாராவது உங்களிடம் வந்து நிற்பார்கள். துவையல் தவசுக்குப் பெண்களை மட்டும் அனுப்பவில்லை, குடும்பம் குடும்பமாக அனுப்பினார்கள். ஆண்களும் துவைத்தார்கள். கடமையே தவம் என்று பேசுகிறவரிடம், உங்கள் வேட்டியைத் துவைப்பது யார் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு கட்டத்தில்கூட வீட்டுக்காரர் வரவில்லை. அவருடைய அம்மாதானே?

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கத்தோலிக்கர்கள் ராத்திரி படுக்குமுன் செய்கிற ‘ஆன்ம சோதனை’ கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு ஐந்து படிகளில் ஒரு முறை வகுத்தவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1544இல் நம் கடலோர ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு நடந்த சவேரியாரின் தோழர். அந்த ஐந்தில் முதல் படி நன்றி சொல்வது. மன வெளிச்சம் கேட்பது இரண்டாவது. அதற்குப் பிறகுதான் காலையிலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது. தப்புக்கு வருந்துவதும் நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பதும் கடைசியில். நீங்கள் நேராக மூன்றாம் படியில் இறங்கி, கையில் சிவப்பு மையோடு நிற்கிறீர்கள். ஆசிரியை அல்லவா!

போன் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. அது ஓய்வும் கிடையாது, வேலையும் கிடையாது. அந்தக் கட்டங்களில் பாதியைத் தூக்கத்துக்குக் கொடுங்கள், ஜெபத்துக்குக்கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சியை வீட்டுக்காரர் கொடுக்கட்டும். எப்படிக் கொடுக்க வேண்டும், தலையணையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று ஒரு தடவை காட்டிக்கொடுங்கள். முதல் வாரம் கொஞ்சம் சிந்தும். பக்கத்திலேயே இருங்கள், ஆனால் ஸ்பூனைக் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.